கிடை கிளம்பின பிறகு

எஸ்லின் தன் பிளாக்கில் எழுதிய முதல் பதிவு இப்படி ஆரம்பித்தது: "இன்று காலை கால்நடை மருந்துக்கடை திறக்கப்பட்டது. திருமதி எஸ்லின் சாம்சுந்தர் கடையைப் பெருக்கினார். முதலாவதாகக் களப்பாகுளத்திலிருந்து வந்த ஒருவர் பசுவின் மடிவீக்கத்துக்கு மருந்து கேட்டார்." இதே நடையில் நாள் முழுவதையும் சொல்லிவிட்டு, "வந்திருந்த அனைவருக்கும் நன்றி கூறப்பட்டது" என்று முடிந்தது.

நாகர்கோவிலில் நர்சிங் படிக்கும் மகள் ஜெபிதா அதைப் படித்துவிட்டுப் போன் செய்தாள். சிரிப்பை அடக்க அவளால் முடியவில்லை. "யம்மா, எல்லாம் சரி. பரமண்டல ஜெபத்தோட கடை அடைக்கப்பட்டதுன்னு போட மறந்துட்டியே."

எஸ்லினுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அவளுக்குத் தெரிந்த எழுத்து அதுதான். சங்கரன்கோவில் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குப் பல வருஷம் செயலாளராக இருந்தவள் அவள். சனிக்கிழமைதோறும் கூட்டத்தின் அறிக்கையை எழுதி, அடுத்த வாரம் எழுந்து நின்று வாசிக்க வேண்டும். அந்த அறிக்கையில் எது விட்டுப்போனாலும் பெயர் விட்டுப்போகக் கூடாது. யார் வீட்டில் கூட்டம், யார் ஜெபித்தது, யார் வேதம் வாசித்தது, யார் வீட்டுக் காப்பி, எல்லாம் பெயரோடு வர வேண்டும். ஒருமுறை இன்பம் அக்கா அவித்துக் கொண்டுவந்த சுண்டலை எழுத விட்டுவிட்டாள். அந்த வருஷம் சபையார் எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் அசனப் பந்தியில் இன்பம் அக்கா அவள் பக்கத்து இலையில் உட்காரவில்லை. அதிலிருந்து எஸ்லின் ஒருவரையும் விட்டதில்லை. ஆள், ஊர், நாள், காரியம் என்று நாலும் வந்துவிட்டால் அறிக்கை முழுமை என்பது அவள் கணக்கு.

போன வருஷத் தேர்தலில் வேறொரு இளம்பெண் செயலாளராக வந்தாள். எஸ்லின் கைகுலுக்கி வாழ்த்துச் சொன்னாள். வீட்டுக்கு வந்து அடுத்த சனிக்கிழமை என்ன செய்வதென்று தெரியாமல் சும்மா கிடந்த அலமாரியைத் துடைத்தாள். எழுதிப் பழகின கை நமநமவென்றிருந்தது. விசைத்தறிகளுக்கு மெக்கானிக் வேலை பார்க்கும் கணவன் சாம்சுந்தர் சாப்பிட்டுக்கொண்டே கவனித்துவிட்டு, "ஏட்டி, எழுதணும்னா எழுது. கவிதை மட்டும் எழுதிராத, எனக்கு வெளிய தலகாட்ட முடியாது" என்றான். ஜெபிதாதான் போனிலேயே சொல்லிச் சொல்லி ஒரு பிளாக் தொடங்கிக் கொடுத்தாள். "மருந்துக்கடைக் குறிப்புகள்" என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.

ராஜபாளையம் ரோட்டில் உள்ள அந்த மருந்துக்கடை மைதீன் அண்ணாச்சியுடையது. ஆடு மாடு கோழிக்கான மருந்து, தாது உப்பு, தீவனம். மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருஷம் எஸ்லின் அங்கே வேலைக்குச் சேர்ந்தாள். இப்போது கடை ஏறக்குறைய அவள் பொறுப்பு. அண்ணாச்சி காலையிலும் அடைக்கிற நேரத்திலும் வந்துவிட்டுப் போவார். பிளாக் விஷயம் கேட்டதும் அவர் சொன்னது, ஊரில் எல்லோரும் சொன்னதுதான்: இப்போது யார் படிக்கிறார்கள், வீடியோவாகப் போட்டால் நாலு பேர் பார்ப்பார்கள், கடைக்கும் விளம்பரம் ஆகும். எஸ்லின் அதை யோசிக்காமல் இல்லை. ஒருநாள் போனைத் தீவன மூட்டைமேல் சாய்த்து வைத்துப் பேசியும் பார்த்தாள். பார்த்தபோது யாரோ அவளைக் கைதுசெய்து நிறுத்தியிருப்பதுபோல் இருந்தது. பேசினால் பேசியதுதான். எழுத்து அப்படியில்லை. ஒரு வரி பிடிக்கவில்லையென்றால் அடித்துவிட்டு, தோசை திருப்பிப் போட்டுவிட்டு வந்து வேறு மாதிரி எழுதலாம். அந்த வசதியை விட அவளுக்கு மனமில்லை.

முதல் இரண்டு மாதம் எதை எழுதுவதென்று பிடிபடவில்லை. ஆடு வளர்ப்போர் அறிய வேண்டியவை என்று மருந்துக் கம்பெனி நோட்டீஸைப் பார்த்து எழுதினாள். வேத வசனம் ஒன்றை எடுத்துச் சிந்தனை எழுதினாள். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு எழுதினாள். எல்லாவற்றையும் படித்தவர்கள் ஜெபிதாவும் ஜெபிதாவின் அறைத் தோழிகளும்தான். ஒருநாள் அயர்லாந்திலிருந்து நிறையப் பேர் பார்த்ததாகக் காட்டியது. எஸ்லின் சந்தோஷப்பட்டுப் போன் போட்டாள். மகள், "அது மனுசங்க இல்லம்மா, மிஷினு" என்று சொல்லிவிட்டாள். மிஷினாவது படித்ததே என்று சாம்சுந்தர் ஆறுதல் சொன்னான்.

ஒரு மத்தியானம் ஆயிஷம்மாள் ஆட்டோவில் ஒரு வெள்ளாட்டைத் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தாள். வீட்டு விசேஷத்தில் மிஞ்சிய நெய்ச்சோற்றை அண்டாவோடு தின்றுவிட்டு ஆடு வயிறு உப்பிக் கிடந்தது. மருந்து உள்ளே போய் ஆடு எழுந்து நிற்கிறவரை ஆயிஷம்மாள் அதை வைத வசவு, ரோட்டில் போகிறவர்களையெல்லாம் நிறுத்தியது. "மாப்பிள்ளை வீட்டுக்காரன் கூட மறுசோறு கேக்கலட்டி. ஒனக்கு முந்திரிப்பருப்பு வேற பொறுக்கித் திங்கணுமோ?" எஸ்லின் அன்றைக்கு எந்த நோட்டீஸையும் பார்க்கவில்லை. ஆயிஷம்மாள் சொன்னதைச் சொன்னபடி எழுதிப் போட்டாள். இரண்டு நாள் கழித்து ஷார்ஜாவிலிருந்து ஜரினா என்ற பெண் கீழே எழுதியிருந்தாள்: "எங்க உம்மா பேசுற மாதிரியே இருக்கு. அவங்க மௌத்தாகி ரெண்டு வருஷம். திரும்பத் திரும்பப் படிச்சேன்."

எஸ்லின் அந்தப் பின்னூட்டத்தைச் சாம்சுந்தருக்கு வாசித்துக் காட்டினாள். அவன் போனை வாங்கித் தானும் ஒருமுறை படித்தான்.

அதற்குப் பிறகு கடையில் உட்காரும் விதமே மாறிப்போனது. முன்பெல்லாம் மத்தியான வெயிலில் ஆள் வந்தால், எப்போது மருந்தை வாங்கிக்கொண்டு போவார் என்றிருக்கும். இப்போது அவர் என்ன சொல்கிறார், எப்படிச் சொல்கிறார், சொல்லும்போது கை எங்கே இருக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தாள். எழுதினாலும் எழுதாவிட்டாலும், எழுதப்போகிறோம் என்ற நினைப்பே காதைத் தீட்டிவிட்டது. பிளாக்கினால் என்ன கிடைத்தது என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லலாம் என்று நினைத்துக்கொள்வாள். ஆனாலும் அடுப்பில் உலை வைத்ததும் போனை எடுத்து இன்றைக்கு எத்தனை பேர் என்று பார்ப்பதை அவளால் விட முடியவில்லை.

மகாராஜா கடைக்கு வந்தது பங்குனியில். இளையரசனேந்தல் பக்கத்து ஊர்க்காரர். அவரும் அவருடைய தம்பியும் சேர்த்து ஒரு பெரிய செம்மறி மந்தை வைத்திருந்தார்கள். அந்தப் பக்கம் வானம் பார்த்த பூமி. தை முடிந்தால் ஆட்டுக்கு வாய் வைக்க ஒன்றும் இருக்காது. அறுப்பு முடிந்த குளத்துப் பாசன வயல்களைத் தேடி மேற்கே போவார்கள். பகலெல்லாம் ஆடு நெல்தாளை மேயும். பொழுது அடைந்ததும் அதே வயலில் வலை கட்டி ஆட்டை அடைப்பார்கள். அதற்குக் கிடை போடுவது என்று பெயர். நிலத்துக்காரருக்கு உரம், ஆட்டுக்காரருக்குத் தீனியும் கூலியும். ஒரு பருவத்துக்கு நல்ல இடம் ஒன்று கிடைத்துவிட்டால் போதும். அதனால் அடுத்த இடம் எது என்பதைக் கிடைக்காரர்கள் சொந்த மச்சானிடம்கூடச் சொல்வதில்லை. கேட்டால், "இப்படியே மேக்க" என்று கையை நீட்டுவார்கள்.

மகாராஜா குடற்புழு மருந்து நிறைய வாங்கினார். இவ்வளவு எதற்கு, தூரமாகவா போகிறீர்கள் என்று எஸ்லின் விசாரித்தாள். அவர் ரோட்டை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"ஒங்கிட்டச் சொல்லுததுக்கு என்ன, தங்கச்சி. வாசுதேவநல்லூர்ல சின்னமடைக் குளத்துப் பத்து வயக்காடு. நிலத்துக்காரர் வாக்குக் குடுத்துட்டாரு. அறுப்பு மிஷினு வெளிய வந்ததும் நாம உள்ள போறோம். வார புதங்கிழமை வர இங்கனக்குள்ள மேச்சிட்டு, பெறவு கெளம்புதேன். செனையாடு நெறைய இருக்கு, பாத்துக்க. அங்கன போயித்தான் குட்டி போடணும்."

அவர் பேச்சில் ஒரு நிறைவு இருந்தது. மழை நல்லபடியாகப் பெய்த வருஷத்தில் குடியானவன் பேசுகிற மாதிரி. எஸ்லின் வெளியே வந்து, ரோட்டோரம் நின்ற மந்தையைப் படம் பிடித்துக்கொண்டாள். எழுதலாமா என்று கேட்டாள். "நம்ம ஆட்டப் பத்தி என்னத்த எழுதப் போற? எழுது, எழுது" என்று சிரித்துவிட்டுப் போனார். பிளாக் என்றால் என்னவென்று அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அன்று எழுதியதுதான் அவள் எழுதியதிலேயே நன்றாக வந்தது. மகாராஜாவின் நடை, மந்தைக்கு முன்னால் போகும் கிழட்டுக் கிடாய், குட்டிகளைப் போட்டுத் தூக்கிவரும் கூடை எல்லாம் அதில் இருந்தன. கூடவே பழைய வழக்கப்படி குளத்தின் பெயர், நிலத்துக்காரரின் பெயர், கிளம்பும் கிழமை எல்லாம் ஒன்று விடாமல் இருந்தன. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் ஒருவர் கீழே எழுதினார்: "எங்கய்யா நடையும் இதேதான். கண்ணுக்குள்ளேயே நிக்குது. எங்க ஊர் வாட்ஸப் குரூப்பிலும் போட்டிருக்கேன்." அவள் அவருக்கு நன்றி சொல்லிப் பதில் எழுதினாள். பார்த்தவர்கள் எண்ணிக்கை மளமளவென்று ஏறியது. இந்த முறை அயர்லாந்து இல்லை. கோவில்பட்டி, திருப்பூர், சென்னை என்று காட்டியது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, ஐயர், அதாவது அந்தச் சபையின் போதகர், ஆட்டுமந்தையைப் பற்றி எழுதியிருந்ததைத் தம்பி மகன் அனுப்பியதாகவும் மேய்ப்பனைப் பற்றிப் பிரசங்கம் பண்ணும்போது அதிலிருந்து எடுத்துக்கொள்வதாகவும் சொன்னார். பக்கத்தில் நின்ற புதுச் செயலாளர் கேட்டுக்கொண்டிருந்தது எஸ்லினுக்குப் பிடித்திருந்தது.

அடுத்த வாரம் மகாராஜாவின் மனைவி தேன்மொழி கடைக்கு வந்தாள். எதுவும் வாங்க வரவில்லை என்பது அவள் நின்ற நிலையிலேயே தெரிந்தது. படியேறவில்லை. தலையில் போட்ட துண்டை எடுக்கவுமில்லை.

"எஸ்லினுங்கிறது நீதான? நான் மகாராஜா வீட்டுக்காரி."

"ஆமாக்கா. உள்ள வாங்க. அண்ணாச்சி வரலியா?"

"அவரு எப்படி வருவாரு? மந்தைய மூணு நாளாத் தார் ரோட்டுல நிப்பாட்டி வச்சிருக்கு. நாங்க சின்னமடைக் குளத்துக்குப் போறதுக்குள்ள அங்கன ரெண்டு கிடை கெடக்கு. யாருன்னு பாத்தா எங்க பக்கத்து ஊருக்காரனுவதான். ஒங்களுக்கு எப்படிவே தெரியும்னு கேட்டா, போன எடுத்துக் காட்டுதான். எங்க ஆடு நிக்கி அதுல. குளத்துப் பேரு, நிலத்துக்காரர் பேரு, கெழம, எல்லாம் இருக்கு. அட்ரஸ் எழுதி வெத்தல பாக்கு வச்சுக் கூப்புட்டிருக்க நீ."

எஸ்லின் நிலத்துக்காரர் வாக்குக் கொடுத்திருந்தாரே என்றாள். கொடுத்தவர்தான், ஆனால் முந்தி வந்த கிடையைத் துரத்த அவருக்கு என்ன அவசியம் என்று தேன்மொழி கேட்டாள். அவருக்கு வேண்டியது உரம். முந்திப் போன மூக்கையா ஆடு போட்டாலும் மகாராஜா ஆடு போட்டாலும் வயலுக்கு ஒன்றுதான். ஊருக்குத் திரும்பலாமென்றால் அங்கே கட்டாந்தரை. நேற்று ரோட்டோரத்திலேயே இரண்டு ஆடு குட்டி போட்டிருக்கிறது. தாய்க்குப் பால் இறங்கவில்லை. ஒரு குட்டி விடியும்போது விறைத்துக் கிடந்தது.

"எங்க சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டியே. ஒனக்கு நாங்க என்ன செஞ்சோம்?"

அதைச் சத்தமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே பதில் கேட்பதுபோல் கேட்டுவிட்டு, கொஞ்சம் நின்று பார்த்தாள். தேன்மொழி துண்டை இழுத்துவிட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தாள்.

எஸ்லின் உடனே அந்தப் பதிவை நீக்கினாள். நீக்கினதால் ஆகப்போவது ஒன்றுமில்லை என்று அவளுக்குத் தெரியும். வாட்ஸப் குரூப்பில் அது படமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. திருப்பூர்க்காரர் நல்ல எண்ணத்தில்தான் போட்டிருந்தார். அப்பா ஞாபகத்தில் போட்டதை அவர் ஊரிலுள்ள ஆட்டுக்காரர்கள் வேறு கண்ணோடு படித்துவிட்டார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. அவர்கள் ஆடும் பசியில்தான் நின்றிருக்கும்.

சாம்சுந்தர் அவளைத் தேற்றப் பார்த்தான். நீ என்ன பொய்யா எழுதினாய், நடந்ததைத்தானே எழுதினாய் என்றான்.

"நடந்ததையா எழுதுனேன்? நடக்கப்போறத எழுதுனேன்" என்றாள் எஸ்லின். "இத்தன வருசத்துல நடக்காத கூட்டத்துக்கு ஒரு நாளாவது அறிக்க எழுதியிருக்கேனா?"

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு சரி என்று அவளுக்கே தெரிந்தது. இன்னொன்றும் தெரிந்தது. சங்கத்தில் அறிக்கையைக் கேட்கிறவர்கள் எல்லோரும் அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள். அவர்களுக்குத் தெரிந்ததைத்தான் அவள் திரும்ப வாசிக்கிறாள். அதனால் பெயர்கள் யாரையும் எதுவும் செய்வதில்லை, விட்டுப்போனால்தான் வருத்தம். பிளாக்கைப் படிக்கிறவர்கள் அந்த இடத்தில் இல்லாதவர்கள். அவர்களுக்கு ஒரு பெயரைக் கொடுப்பது கையில் சாவியைக் கொடுப்பதுபோல. ஷார்ஜாவில் இருக்கிற ஜரினாவுக்காக எழுதுகிறோம் என்று நினைத்துக்கொண்டு எழுதினாள். இளையரசனேந்தலில் இருக்கிறவரும் படிப்பார் என்று அவள் நினைத்தே பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் கடையைத் திறந்ததும் அவளுக்கு ஒரு யோசனை ஓடியது. இப்போது பிளாக்கை நிறையப் பேர் பார்க்கிறார்கள். கிடை போட யாருக்காவது வயல் இருக்கிறதா என்று நாலு வரி எழுதினால் பொழுது சாய்வதற்குள் பதில் வந்துவிடும். எழுதவும் எழுதினாள். "வெளியிடு" என்ற இடத்துக்கு விரல் போகும்போதுதான், அதைப் படித்துவிட்டு மகாராஜாவுக்கு முன்னால் போய் நிற்க எத்தனை மந்தை இருக்கிறதோ என்று நினைத்தாள். அழித்துவிட்டு, கடைக்கு வந்து போகிறவர்களில் நிலபுலன் உள்ளவர்களை ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட ஆரம்பித்தாள். மருந்து வாங்கும்போது அவர்கள் நம்பரைக் குறித்துவைக்கிற பழக்கம் கடையில் இருந்தது. முக்கால்வாசிப் பேர் ஏற்கெனவே உழுதுவிட்டார்கள். சிலர் டிராக்டரில் உரம் அடித்துவிட்டார்கள். ஒருவர், நீங்கள் மருந்துதானே விற்கிறீர்கள், ஆடும் விற்க ஆரம்பித்துவிட்டீர்களா என்று கேட்டார்.

கடைசியில் சிவகிரி சங்கரசுப்பு, நேரில் வந்தால் பேசலாம் என்றார். மைதீன் அண்ணாச்சியிடம் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு எஸ்லின் மத்தியான பஸ்ஸில் சிவகிரிக்குப் போனாள். அண்ணாச்சி ஏன் எதற்கென்று கேட்கவில்லை. ஊர் முழுக்கத் தெரிந்த விஷயம்தானே.

சங்கரசுப்புவுக்கு அறுவடை முடிந்த மக்காச்சோளக் காடு இருந்தது. ஓரத்தில் புதிதாக வைத்த தென்னங்கன்றுகள் இருந்தன. அவருக்குக் கவலையெல்லாம் கன்றுகள்மேல். ஒரு ஆடு வாய் வைத்தாலும் கன்று மூணு வருஷம் பின்தங்கிவிடும் என்றார். வலை கட்டுவார்கள், ஆள் நிற்பார்கள் என்று எஸ்லின் சொன்னாள். நீயா வந்து நிற்கப் போகிறாய் என்று கேட்டார்.

"நிக்கணும்னா நிக்கேன், அண்ணாச்சி. என்னாலதான் அவிய ரோட்டுல நிக்காவ."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு உள்ளே பார்த்து, காப்பி கொண்டுவரச் சொன்னார். அவர் மனைவி காப்பி கொடுத்துக்கொண்டே, "ஆட்டுக்காரன் வரலாம். வெள்ளாடு ஒண்ணுகூட வரப்புடாது, சொல்லிப்புட்டேன். செம்மறி கீழ பாத்து மேயும், அது மேல பாத்து மேயும்" என்றாள். அதோடு பேச்சு முடிந்தது.

எஸ்லின் சிவகிரி பஸ் ஸ்டாப்பில் நின்று மகாராஜாவுக்குப் போன் போட்டாள். அவர் எடுக்கவில்லை. இரண்டாவது தடவை எடுத்தார். அவள் இடத்தைச் சொன்னாள், நிலத்துக்காரர் சொன்னதையெல்லாம் சொன்னாள். அந்தப் பக்கம் ஆடுகளின் சத்தம் கேட்டது.

"சோளத்தட்டையா" என்றார்.

"ஆமாண்ணாச்சி."

"நெல்லுத்தாளு மாதிரி வராது."

"தெரியும்ணாச்சி."

"சரி. இத யாருகிட்டச் சொல்லியிருக்க?"

"ஒங்ககிட்ட மட்டும்தான்."

போன் நின்றுவிட்டது. மந்தை சிவகிரிக்குப் போய்ச் சேர்ந்ததைச் சங்கரசுப்பு போன் செய்து சொல்லித்தான் எஸ்லின் தெரிந்துகொண்டாள். மகாராஜா கூப்பிடவில்லை. மருந்து தேவைப்பட்டபோதுகூட வேறு யாரையோ அனுப்பி, வேறு கடையில் வாங்கினார் என்று கேள்வி.

கிடை அங்கே கிடந்த நாளெல்லாம் எஸ்லின் பிளாக்கில் ஒன்றும் எழுதவில்லை. ஜரினா ஒருமுறை, அக்கா சுகமில்லையா என்று கேட்டிருந்தாள். சுகம்தான், கொஞ்சம் பொறுங்கள் என்று பதில் போட்டாள். அந்த நாட்களில் கடையில் எதுவும் நடக்காமல் இல்லை. கோழிக்கு மருந்து கேட்டு வந்தவர் கோழியைப் பற்றிப் பேசாமல் மருமகளைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார். பழைய எஸ்லினாக இருந்தால் அன்றைக்கே பெயரோடு எழுதியிருப்பாள். இப்போது மனதில் போட்டுவைத்தாள். அப்படி வைத்திருக்கும்போது சில விஷயங்கள் தானாக உதிர்ந்தன, சில விஷயங்கள் கெட்டிப்பட்டன. மருமகள் உதிர்ந்தாள். அவர் பேசிக்கொண்டே கோழியின் கொண்டையைத் தடவிக்கொண்டிருந்தது மட்டும் நின்றது. எழுத வேண்டியது அதுதான் என்று அவளுக்குப் பட்டது. அது யாருக்கும் கெடுதல் செய்யாது. அன்றைக்கே எழுதியிருந்தால் அது கண்ணிலேயே பட்டிருக்காது.

எண்ணிக்கை பார்ப்பதும் தானாக நின்றது. எழுதாதபோது பார்க்க என்ன இருக்கிறது? உலை கொதிப்பதைப் பார்த்தாள்.

சித்திரை கடைசியில் தேன்மொழி கடைக்கு வந்தாள். இந்தத் தடவை படியேறினாள். உண்ணி மருந்து கேட்டாள். எஸ்லின் எடுத்துக் கொடுத்து, எப்படிக் கலக்க வேண்டுமென்று சொன்னாள். பணத்தைக் கொடுத்துவிட்டுத் தேன்மொழி திரும்பி நின்றாள்.

"சிவகிரியில இருந்து முந்தாநாள் கெளம்பிட்டோம். குட்டிய எல்லாம் தேறிட்டு. ரெண்டு போச்சு, மத்தது இருக்கு. தென்னங்கன்னுல ஒரு எல தொடல."

"நல்லதுக்கா."

"அத நீ எழுதலியாம்லா? எங்க கொழுந்தன் மவன் தெனமும் போன நோண்டிப் பாத்துட்டு, ஒண்ணும் வரல, ஒண்ணும் வரலங்கான்."

"கெடை இருக்கும்போது எழுதப்புடாதுன்னு இருந்தேன்."

தேன்மொழி தலையில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இப்பந்தான் கெளம்பியாச்சே. எழுதிக்கோ. அந்த நிலத்துக்காரரு பேரு மட்டும் போடாத. அடுத்த வருசமும் போவணும்."

எஸ்லின் எழுதினாள். எழுதி முடிக்க ஒரு வாரம் ஆயிற்று. சிவகிரி என்ற பெயர் அதில் இல்லை, மலை இருந்தது. சங்கரசுப்பு இல்லை, காப்பி கொடுத்துவிட்டு வெள்ளாட்டைப் பற்றிச் சொன்ன அம்மா இருந்தாள். இங்கே வந்திருக்கிற அந்த இரண்டு பெயர்களும் மாற்றிச் சொன்னவைதான். தார் ரோட்டில் விறைத்துப்போன குட்டியையும், அது ஏன் விறைத்தது என்பதையும் எழுதினாள். தன் பெயரை மட்டும் மறைக்கவில்லை. போடுவதற்கு முன்னால் போனில் தேன்மொழிக்கு முழுதும் வாசித்துக் காட்டினாள். தேன்மொழி கேட்டுவிட்டு, கிடாய்க்கு அவ்வளவு வயசு இல்லை, ஏன் கிழடு என்று எழுதினாய் என்று மட்டும் சண்டை பிடித்தாள். எஸ்லின் அந்தச் சொல்லை எடுத்துவிட்டாள்.

மந்தையைப் பற்றிய முதல் பதிவைப் பார்த்த அளவு பேர் இதைப் பார்க்கவில்லை, பாதிகூட இல்லை. திருப்பூர்க்காரர் பார்த்தார். நீளமாக ஒன்றும் எழுதவில்லை. "மன்னிச்சிக்கங்க அக்கா. எனக்கு இது தெரியாது" என்று எழுதியிருந்தார். எனக்கும்தான் தெரியாது என்று எஸ்லின் பதில் எழுதினாள்.

ஆனி பிறந்த பிறகு ஒரு காலையில் மகாராஜா வந்தார். எப்போதும்போல் வந்து, எப்போதும்போல் குடற்புழு மருந்து கேட்டார். நிறையக் கேட்டார். எஸ்லின் பாட்டில்களை எடுத்து அட்டைப்பெட்டியில் அடுக்கினாள். இவ்வளவு எதற்கு என்று அவள் கேட்கவில்லை. போன் மேஜைமேல் கிடந்தது. அதை எடுத்து இழுப்பறையில் போடலாமா என்று யோசித்து, அப்படிச் செய்வது இன்னும் அசிங்கமாக இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

மகாராஜா பெட்டியைக் கட்டும் சணலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கன போறோம்னு கேக்கமாட்டியா?"

"வேண்டாம்ணாச்சி."

"கேளு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் ரோட்டைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கண்ணாச்சி?"

அவர் ஊரைச் சொன்னார். குளத்தையும் சொன்னார். நிலத்துக்காரர் யார் மகன், அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்பதுவரை சொல்லிவிட்டு, பெட்டியைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு படியிறங்கினார். அந்தக் கிடை இன்னும் கிளம்பவில்லை. எஸ்லின் எழுதவுமில்லை. அதனால் அந்த ஊரின் பெயர் இங்கேயும் இல்லை.